பின் சக்கரத்தில் யார் கை வைத்தது?

அத்தியாயம் 3

"பிடிக்கல!" என்று இயேசுதாசன் கத்தியபோது நான் அவர் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பிடோக் பலமாடி கார் நிறுத்தத்தின் நான்காவது மாடியிலிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும் சரிவு அது. பைக் இறங்கியது. தாசன் பின் பிரேக்கை மிதி மிதி என்று மிதித்தார். பெடல் கல்லு மாதிரி நின்றது. சக்கரம் மட்டும் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஓடியது. முன் பிரேக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1969ஆம் வருடத்து பிரிட்டிஷ் பைக்கின் முன் பிரேக் வண்டியை நிறுத்தாது. கொஞ்சம் யோசிக்க வைக்கும், அவ்வளவுதான்.

கடைசி வளைவில் அவர் பைக்கைச் சுவரோடு உரசவிட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்து ஒருவழியாக நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வெளிவாசல் தடுப்புக் கட்டை. அதற்கு அந்தப் பக்கம் மீனும் காய்கறியும் வாங்க ஈரச்சந்தைக்குப் போகிற ஜனங்கள். நான் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லது," என்றார் மனோரஞ்சிதம்.

சுவரோரம் குடையும் கைப்பையுமாக நின்றிருந்த அவர்தான் என் முதலாளி. ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். யாழ்ப்பாணத்து வம்சம். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருந்தும் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். நான் ரயன், உதவியாளன். உதவி என்றால் இந்த மாதிரி உதவி.

"எது மேடம் நல்லது? நான் சாகாததா?"

"பிரேக் பிடிக்காதது. தாசன் சொன்னது பொய்யில்லை எண்டு தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தானே உம்மைப் பின்னால ஏத்தினது."

தாசன் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பதைத் தாண்டிய ஆள், விமான நிலையச் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர், கதவை அடைத்து நிற்கிற உடம்பு.

"மூணாவது தடவை மேடம். பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டு ஒரு மாசம்கூட ஆகல, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் உமாசுதன் புது பிரேக் பேட் போடறான், நல்லா பிடிக்குது. ரெண்டு நாள்ல மறுபடியும் வழுக்குது. யாரோ என்னைக் கொல்லப் பாக்கறாங்க லா. வேலையிடத்துல யாராவது காப்பி வாங்கிக் கொடுத்தாகூடக் குடிக்கறதில்ல."

நான் சிரிக்க வாயெடுத்தேன். அவர் பூட்ஸைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. இரண்டு அடிப்பாகமும் தேய்ந்து, வலது பூட்ஸ் நுனியில் காலுறை தெரிந்தது. இத்தனை நாளும் மனுஷன் உயிரோடு இருந்தது அந்த ரப்பரால்தான்.

மனோரஞ்சிதம் பின் சக்கரத்தருகே குந்தினார். முன்பெல்லாம் இந்த பைக்கில் டிரம் பிரேக். பிரேக் கட்டைகள் உருளைக்குள்ளே ஒளிந்திருக்கும். இப்போது அந்தச் சக்கரத்தையே மாற்றி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற பேட்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, பரிசோதனை எல்லாம் முடித்துப் போட்டது. பளபளவென்று கண்ணைப் பறித்தது.

மனோரஞ்சிதம் டிஷ்யூவால் அந்தத் தட்டைத் துடைத்து என் மூக்கருகே நீட்டினார்.

"சங்கிலி எண்ணெய்," என்றேன். "பழைய பிரிட்டிஷ் வண்டி ஒழுகலன்னாதான் பயப்படணும்னு சொல்லுவாங்க."

"சங்கிலி எண்ணெய் கறுப்பு. இது மஞ்சள். சங்கிலி மற்றப் பக்கம். மணந்து பாரும்."

முகர்ந்தேன். எங்கேயோ முகர்ந்த வாசனை. சின்ன வயதில், ஏதோ பயந்துகொண்டிருந்த ஒரு நாளில். பிரேக் தூசு நாற்றத்தோடு கலந்து அது நழுவிவிட்டது.

மனோரஞ்சிதம் பைக்கின் முன்பக்கம் போனார். அங்கே என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. ஹெட்லைட் வளையத்தின் அடியில் விரலை வைத்து எடுத்தார். விரல் நுனியில் அதே மஞ்சள் பிசுக்கு. பிறகு முன் சக்கரத்தின் நடுவே, கம்பிகளுக்குள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெயில் புழுதி ஒட்டி இரண்டு சின்னக் கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு.

"உமாசுதன் நட்டு முறுக்கினதுக்கு அடையாளம் போட்டிருப்பார்," என்றேன்.

"எண்ணெயாலயோ? சரி, பிரேக்கைக் கெடுக்க வந்தவன் ஹெட்லைட்டுக்கு ஏன் எண்ணெய் போடுறான்?"

"ஒளியும் வழுக்கி விழட்டும்னு."

அவர் சிரிக்கவில்லை. தாசனிடம் திரும்பினார். "நீங்கள் ஆரைச் சந்தேகப்படுறீங்கள்?"

"வேற யாரை? உமாசுதனைத்தான். பத்து வருஷமா இந்த பைக்கைக் கேட்டுட்டு இருக்கான். தரமாட்டேன்னு சொல்லிட்டேன். டிஸ்க் போட்டது அவன். பேட் மாத்தறது அவன். நான் போயிட்டா என் பொண்டாட்டி ஆனி இதை யாருக்குக் கொடுப்பா? அவனுக்குத்தான்." தாசன் ஹெல்மெட்டைச் சீட் மேல் வைத்தார். "கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தான் மேடம். திங்கட்கிழமை போலீஸுக்குப் போகப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தேன்."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வண்டியை எடுப்பீங்களோ?"

"எங்க கோயில்ல பங்குத் திருவிழா. சாமியார் ஜெபம் பண்ணி வண்டியெல்லாம் மந்திரிப்பார். ஷார்லீனைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன், எம் பொண்ணு." அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "இல்ல. எடுக்கல. பஸ்ல போறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன். என் புத்திக்கு அது போதும்.

* * *

உமாசுதனின் பட்டறை ஜாலான் புசார்ப் பின்சந்தில் இருந்தது. ஜூரோங் கப்பல் பட்டறையில் எஞ்சினியராக இருந்து, வேலையை விட்டுவிட்டுப் பழைய பைக்குகளோடு வாழ வந்தவர். ஒல்லியான ஆள். கண்ணுக்கு அடியில் கறுப்பு வளையம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"விழுந்திட்டாரோ?"

"இல்லை," என்றார் மனோரஞ்சிதம். "ஆனா பிடிக்கேல்லை."

உமாசுதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. கொலைகாரன் என்றால் இவ்வளவு மோசமாக நடிக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, நன்றாக நடிக்கிறவன் இப்படித்தான் மோசமாக நடிப்பான் என்றும் தோன்றியது. இந்த வேலையில் நிம்மதியாக ஒரு ஆளைப் பார்க்க முடியாது.

"அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு நித்திரை இல்லை. போன் அடிச்சாலே நெஞ்சு திக்கெண்டுது. தாசன் அண்ணனுக்கு ஒண்டு நடந்தா ஊர் என்னத்தைச் சொல்லும்? நான் போட்ட பிரேக் எண்டு சொல்லும். நானே அப்பிடித்தான் நினைப்பன்."

"கழட்டின பேட் வச்சிருக்கிறீரோ?"

மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். முதல் ஜோடியில் ஓரமாக ஒரு சின்னக் கறை. அடுத்த ஜோடியில் பாதி வரைக்கும் பளபளப்பு. இதற்குப் பிறகு இன்று கழற்றப்போவது எப்படி இருக்கும் என்று டிஷ்யூவில் பார்த்தாயிற்று, தட்டு முழுக்க எண்ணெய்.

"கூடிக்கொண்டே போகுது," என்றார் மனோரஞ்சிதம். "இதைச் செய்யிற ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் பயம் கூடுது, ரயன்."

"ஆளுக்குக் கோபம் கூடுதுன்னு சொல்லுங்க மேடம். சாகலயேன்னு."

"கோபம் எண்டா ஒரு போத்தல் ஊத்திவிட்டுப் போயிடலாமே முதல் நாளே. இது சொட்டுச் சொட்டா. உமாசுதன், டிரம் இருந்த காலத்தில ஆராவது சக்கரத்தில இப்பிடி எண்ணெய் பூசியிருந்தா என்ன ஆகும்?"

"ஒண்டும் ஆகாது அக்கா. டிரம்மில பிரேக் உள்ளுக்க. வெளியில வெண்ணெய் பூசினாலும் பிடிக்கும். டிஸ்க்கில பிடிக்கிற இடமே வெளியிலதான் இருக்கு. ஒரு சொட்டுப் பட்டாலும் பேட் குடிச்சிடும். பிறகு அது பேட் இல்லை, வழுக்கிற சவுக்காரக் கட்டி."

"ஓம். அதுதான்." மனோரஞ்சிதம் பேட்களைத் திரும்ப டின்னுக்குள் போட்டார். "டிஸ்க் போடச் சொன்னது ஆர்?"

"ஆனி அக்கா. மழையில தாசன் அண்ணன் ஒருக்கா சறுக்கி விழுந்தவர். அதுக்குப் பிறகு அக்கா அழுது, நல்ல பிரேக் போடாட்டி வண்டியை எடுக்க விடமாட்டன் எண்டு சொன்னவ. எங்கட தாசன் அண்ணன் ஆரிண்ட சொல்லையும் கேக்கமாட்டார். அவ அழுதா மட்டும் கேப்பார்."

மனோரஞ்சிதம் எழுந்தார். "வாரும் உமாசுதன். இண்டைக்கே பிடோக்குக்கு வந்து புது பேட் போடும். தட்டையும் நல்லாக் கழுவி விடும்."

காரில் அவர் என்னிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். "உங்கட வீட்டில புதுசாக் கார் வாங்கினா முதல்ல என்ன செய்வீங்கள்?"

"யார் முன்னாடி உக்கார்றதுன்னு சண்டை போடுவோம்."

"அதுக்குப் பிறகு?"

"சண்டை தொடரும்."

அவர் சலித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். அப்போதே பாதி விடை அவர் கையில் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. பிறகு ஏன் என்று கேட்டதற்கு, "நிச்சயமில்லாம ஒரு பெயரைச் சொன்னா, பிறகு அந்த வீட்டில ஆரும் ஆரோடும் கதைக்க மாட்டினம்," என்றார்.

அன்று சாயங்காலமே உமாசுதன் வந்து பேட் மாற்றினார். எங்களுக்கு ஆனி தேநீர் போட்டுக் கொடுத்தார். சரிவில் தானே ஓட்டிக் காட்டினார். வண்டி பிடித்த இடத்தில் நின்றது. தாசன் தள்ளி நின்று பார்த்தார். உமாசுதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உமாசுதன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடுவார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

* * *

மறுநாள் காலை. வெயில் வந்து அரைமணி ஆகியிருக்கும். நான்காவது மாடியில், பைக்குக்கு எதிர்வரிசையில் மனோரஞ்சிதத்தின் கிழட்டுக் காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டிருந்தோம். பட்டப்பகல்தான், பறவைச் சத்தம்கூடக் கேட்டது. ஆனாலும் நான் என் பக்கத்துக் கதவைப் பூட்டியிருந்தேன். கார் நிறுத்தத்தில் எல்லாச் சத்தமும் இரண்டு தடவை கேட்கும். எங்கோ கதவு சாத்துகிற சத்தம் என் காதருகே வந்து சாத்தும்.

"மேடம், வர்றவன் கையில ஸ்பேனர் இருந்தா?"

"நீர் முன்னால போம். நான் போலீஸைக் கூப்பிடுறன்."

"ஸ்பேனர் இல்லாம கத்தி இருந்தா?"

"அப்பவும் அதேதான்."

செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது. தூணுக்குப் பின்னால் நின்றது. இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற சத்தமின்மை. ஒரு கை தூணைப் பிடித்தது. வளையல் போட்ட கை.

ஆனி.

முந்தின நாள் எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த அதே ஆனி. தாசனின் மனைவி. திருவிழாவுக்குக் கட்டியிருந்த நீலப் பட்டுப்புடவை, தலையில் பூ. கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்தார். நான் அந்தத் தேநீரை முழுவதும் குடித்திருந்தேன்.

"மேடம்," என்றேன், சத்தம் வரவில்லை. "பொண்டாட்டியே."

"பேசாம பாரும்."

ஆனி ஹெட்லைட்டருகே நின்றார். எண்ணெயில் விரலைத் தோய்த்து, வளையத்தின் அடியில், தாசன் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். குனிந்து முன் சக்கரத்துக் கம்பிகளுக்குள் விரலை விட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு பின் சக்கரம். பளபளக்கும் அந்தத் தட்டில் முதலில் ஒரு சிலுவை போட்டார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தட்டு முழுக்கத் தடவினார். காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி தடவினார். கடைசியில் தன் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்கு அந்த வாசனை எங்கிருந்து என்று அப்போதுதான் பிடிபட்டது. வேளாங்கண்ணி எண்ணெய். மாதா கோயிலுக்குப் போய்வருகிற சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தருவது. ஆரம்பப்பள்ளிக் கடைசிப் பரீட்சை அன்று அம்மா என் நெற்றியில் வைத்தார். மதிப்பெண் வந்த பிறகு நிறுத்திவிட்டார்.

"புதுக் கார் வாங்கினா என்ன செய்வோம்னு கேட்டீங்களே மேடம்," என்றேன். "இதைத்தான் செய்வோம்."

"நாங்கள் சந்தனம் குங்குமம் வைப்பம். எலுமிச்சம்பழம் வைப்பம். நீங்கள் கத்தோலிக்கர் என்ன செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை. அதுதான் கேட்டன். நீர் சண்டை எண்டீர்."

ஆனி மின்தூக்கிப் பக்கம் நடந்தார். நாங்கள் காரிலிருந்து இறங்கிப் பின்னால் போய், மின்தூக்கி வருவதற்குள் பிடித்துவிட்டோம். எங்களைப் பார்த்ததும் புட்டியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்," என்றார் உடனே. "பெயிண்டுல கறை படும்னு திட்டுவார். பைக் வாங்கின நாள்லேருந்து வைக்கிறேன், அவருக்குத் தெரியாம. இந்த டிஸ்க் போட்டப்புறம்தான் கெட்ட நேரம். பிடிக்கல பிடிக்கலன்னு வந்து நிக்கறார். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. யாரோ ஏதோ பண்றாங்க. அதான் இப்பல்லாம் கொஞ்சம் கூடவே வைக்கிறேன்."

மனோரஞ்சிதம் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

எங்களுக்குப் பின்னால், கார் நிறுத்தத்துக்குள்ளிருந்து, டுப் டுப் டுப் என்று ஒரு எஞ்சின் உயிர் பெற்றது.

ஆனி திரும்பினார். "பஸ்ல போறேன்னாரே! ஷார்லீன் அழுதிருப்பா. நேத்து உமாசுதன் ஓட்டிக் காட்டினப்ப பிடிச்சுதில்ல, அதை நம்பி எடுத்துட்டார்." புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பரவாயில்ல மேடம், இப்பதான் வச்சுட்டு வந்தேன்," என்றார்.

இதைவிடப் பயங்கரமான ஆறுதலை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

ஓடினேன். திரும்பி ஓடினால் பைக் ஏற்கெனவே சரிவில் இறங்கிவிட்டது, பின்னால் மஞ்சள் உடையில் ஒரு பெண். நாங்கள் மின்தூக்கியருகே நின்றபோது மாடிப்படியில் ஏறி வந்திருக்கிறார்கள். மாடிப்படிகளில் பாய்ந்தேன். படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினேன், சிலவற்றை நான் தாண்டவில்லை, அவைதான் என்னைத் தாண்டின. ஒவ்வொரு மாடியிலும் சுவர் இடைவெளியில் அந்தச் சத்தம் என்னைவிட ஒரு வளைவு முன்னால் போனது. மூன்றாவது மாடியில் தாசன், "பிடிக்கல!" என்று கத்துவது கேட்டது. இரண்டாவது மாடியில் ஷார்லீன், "டாடி!" என்று கத்துவது கேட்டது. அதற்குக் கீழே எனக்கு என் மூச்சுதான் கேட்டது.

கீழே வெளிவாசல். தடுப்புக் கட்டை முன்னால் போன காருக்காகத் தூக்கியிருந்தது. அதற்கு அப்பால் தள்ளுவண்டியோடு ஒரு சீனக் கிழவர் சாவகாசமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

நான் ஏன் நடுவில் போய் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தைரியம் கிடையாது. கால்தான் போயிற்று. இரண்டு கையையும் விரித்து, "கியரைக் குறைங்க! காலைத் தேய்ங்க!" என்று அலறினேன்.

தாசன் என்னைப் பார்த்தார். கியரைத் தட்டினார். எஞ்சின் உறுமியது. முன் பிரேக்கைப் பிழிந்தார், சுவரில் உரசினார், இரண்டு பூட்ஸையும் தரையில் ஊன்றினார். ரப்பர் எரிகிற நாற்றம். முன் சக்கரம் என் இரண்டு முழங்காலுக்கும் நடுவே வந்து நின்றது. நின்ற பிறகும் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், ஆர் யூ ஓகே?" என்றாள் ஷார்லீன்.

எனக்கு இருபத்தொன்பது வயது.

* * *

ஆனி எப்படிக் கீழே வந்தார் என்று தெரியவில்லை. செருப்பு இல்லை, பூ கலைந்திருந்தது. மகளைக் கட்டிப்பிடித்தார், புருஷனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தாசன் அவர் தலைக்கு மேலாக மனோரஞ்சிதத்தைப் பார்த்து, "யார்னு பாத்தீங்களா? உமாசுதன்தானே?" என்றார்.

மனோரஞ்சிதம் முந்தின நாள் பின் சக்கரத்தைத் துடைத்த டிஷ்யூவைக் கைப்பையிலிருந்து எடுத்து ஆனியின் கையில் வைத்தார். அவ்வளவுதான். ஆனி அதை முகர்ந்தார். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை.

"அதுல எண்ணெய் படக்கூடாதா?"

"படக்கூடாது ஆனி. முந்தி அது உள்ளுக்க இருந்தது, நீங்கள் எங்க வச்சாலும் ஒண்டும் இல்லை. இப்ப வெளியில வந்திட்டுது. உங்களுக்கு ஆரும் சொல்லேல்லை."

"நான்தான்," என்றார் ஆனி, தாசனைப் பார்த்து. சத்தமே இல்லாமல் சொன்னார். "பிடிக்கலன்னு வந்தீங்க, ரெண்டு சொட்டு கூட வச்சேன். மறுபடியும் பிடிக்கலன்னீங்க, இன்னும் வச்சேன். இன்னைக்குப் பிள்ளை வேற ஏறிடுவாளோன்னு சக்கரம் பூராத் தடவினேன். உங்களைக் கொல்லப் பாத்தது நான்தான்."

தாசனின் பெரிய உடம்பு அப்படியே பைக் மேல் சாய்ந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஒரு மாசமா எதிரியைத் தேடறேன் லா," என்றார். "உமாசுதனுக்குப் போன் போடு ஷார்லீன். இல்ல, வேணாம், நானே போறேன். அவன் வீட்டு வாசல்லயே போய் நிக்கணும்."

ஆனிக்குச் சிரிப்பு வரவில்லை. டிஷ்யூவையும் புட்டியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்கோ."

"மூணு தடவை பிடிக்கல. இன்னைக்கு நாலாவது, பிள்ளையோட. நாலு தடவையும் ஒரு கீறல் இல்லாம வந்து நிக்கறார். பிடிக்காததுக்கு இந்த எண்ணெய்தான் காரணம்னா, வந்து நிக்கறதுக்கு எது காரணம்?"

இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனோரஞ்சிதம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆனி புருஷனின் நெற்றியில் எண்ணெயால் ஒரு சிலுவை போட்டார். மகளுக்குப் போட்டார். யாரும் கூப்பிடாமலே நானும் தலையைக் குனிந்தேன், எனக்கும் போட்டார். பிறகுதான் தாசனின் காலைப் பார்த்தார். இரண்டு பூட்ஸும் கிழிந்து, அடிப்பாகத்தில் ரப்பர் புகைந்துகொண்டிருந்தது. நான்கு தடவையும் புருஷனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். கண் நிறைந்து வழிந்தது. புட்டியைத் திறந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, அந்த பூட்ஸை நோக்கி மெல்லக் குனிந்தார்.

"ஐயோ, சப்பாத்தில வேண்டாம்!" என்று மனோரஞ்சிதம் அலறினார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.